அறுக்காமல் நின்ற சோளம்

“வெள்ளை நடந்து வருதுங்க” என்றாள் அந்தப் பெண். “கெழக்க இருந்து ஊட்டப் பாத்து வருதுங்க. இன்னும் பாதித் தோட்டந்தான் பாக்கி.”

பிளாக் ஆபீசில் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு மக்காச்சோள இலையை எடுத்து மேசையில் வைத்தாள். கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்ததில் இலை வாடிச் சுருண்டிருந்தது. விரித்துப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை வெளிறிய மஞ்சள் கோடுகள். திருப்பி வைத்து லென்ஸிலும் பார்த்தேன். வெள்ளையாக எதுவும் இல்லை.

அதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. வெயில் ஏறினால் அது போய்விடும் என்றாள். பார்க்க வேண்டுமானால் விடிவதற்குள் தோட்டத்தில் வந்து நிற்க வேண்டும். மருந்து கேட்கத்தான் வந்ததாகவும், ஆனால் கேட்கலாமா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். ஏன் என்றேன். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“அடிச்சா அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?”

மருந்து அடிக்கும் ஆளைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டால் போதும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி, அந்த வாரமே வந்து பார்ப்பதாக அனுப்பிவைத்தேன். அவள் இலையை எடுத்து மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வேளாண்மை படித்து முடித்த எனக்கு அதுதான் முதல் வேலை. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் விவசாயிகளுக்கு வீரிய மக்காச்சோள விதை கொடுத்து, விளைவித்துக் காட்ட வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது இடுக்கி மலையில், ஏலப்பாறைக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டில். அப்பா அங்கே மருந்தடிக்கும் ஆட்களுக்குக் கணக்கப்பிள்ளை. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும் காலத்தில், மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதை வெயிலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வெயில் போதுமான நேரம் அடித்தால் மருந்து வேண்டாம். மேகமூட்டம் விலகாமல் நின்றால் அடிக்க வேண்டும். அவ்வளவு தெளிவான விதியின் கீழ் வளர்ந்ததால் எந்தப் பயிர் நோயையும் நான் ஒரு வரிசையில் நிற்கும் கேள்விகளாகவே பார்ப்பேன். என்ன நோய், எங்கிருந்து வருகிறது, பயிருக்கு என்ன வயது, காற்று எந்தப் பக்கம், மழை உண்டா, அடித்தால் என்ன மிஞ்சும், அடிக்காவிட்டால் என்ன போகும். ஒவ்வொன்றாகக் கடந்து கடைசிக் கேள்விக்கு வரும்போது விடை தயாராக இருக்கும்.

இலையைப் பார்த்தபோதே அது அடிச்சாம்பல் நோய் என்று சந்தேகப்பட்டேன். அதன் வெள்ளை விடியற்கால ஈரத்தில் இலையின் அடிப்புறத்தில் பூக்கும்; வெயில் பட்டதும் உதிர்ந்து காற்றோடு போகும். அவள் சொன்னது பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போனது. அந்த நோய் பிடித்த செடி தேறாது. மருந்து அதைக் குணப்படுத்தாது. இன்னும் பிடிக்காத இலையின் மேல் போர்வைபோலப் படிந்து காக்கும். அதுவும் பயிர் இளசாக இருக்கும்வரைதான். எங்கள் கிடங்கில் இருந்த மஞ்சள் நிற மருந்துப் பொடி அவளுடைய தோட்டத்துக்கு ஒரே ஒரு முறை அடிக்கப் போதும். அடுத்த லாரி வாளையார் செக்போஸ்ட் தாண்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனவே கேள்வி எளிமையானது: அடிப்பதா, அடிப்பதென்றால் எந்தக் காலையில்.

கிராமசேவகரும் நானும் ஒரு நடுப்பகலில் போய்ச் சேர்ந்தோம். அவர் மலையாளி, ஓய்வு பெறும் வயது, எல்லா வீட்டுக் கதையும் தெரிந்தவர். வரப்பில் நடக்கும்போதே அந்த வீட்டின் நிலைமையைச் சொன்னார். கணவர் சித்திரையில் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. பக்கத்துத் தோட்டம் கணவருடைய தம்பிக்கு. சாவு வீட்டுச் சடங்குகள் முடிந்ததும் அந்தத் தம்பி பெரியவர்கள் முன்னால் ஒரு பேச்சை வைத்துவிட்டார்: அண்ணன் மனைவி ஒரே ஒரு வெள்ளாமை தனியாக எடுத்துக் காட்டட்டும், முடியாவிட்டால் தோட்டத்தை அவர் பார்த்துக்கொள்வார், அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். இந்த மக்காச்சோளம்தான் அந்த ஒரு வெள்ளாமை.

கொழுந்தனார் வாய்க்கால் மேட்டில் நின்றிருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். இது நோயே இல்லை, யூரியா பற்றவில்லை என்றார். பிறகு அண்ணி காதில் விழும்படியாகவே சொன்னார்.

“நங்கையா வெடியால வெடியால தோட்டத்துல நின்னு தனியாப் பேசிட்டிருக்குதுங்க சாரே. அதைய கேட்டுக்கேட்டுப் பயிரு வெளுக்காம என்ன பண்ணுமுங்க?”

அந்தப் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்பார்கள். ஆபீசர் பெண்ணாக இருந்தாலும் சாரேதான். கிராமசேவகர் சிரித்தார். அக்கா – அன்றிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிட்டேன் – சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

கணவாய்க் காற்று அப்போது தொடங்கிவிட்டிருந்தது. கார்த்திகையில் கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலை இடைவெளி வழியாக நுழைந்து, மாதக்கணக்கில் நிற்காமல் வீசும் காற்று. முழங்கால் உயரப் பயிர் முழுவதும் மேற்கே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மக்காச்சோள இலைக்கு ஒரு சத்தம் உண்டு. கோடித் துணி உடுத்திய ஒருவர் நமக்குப் பின்னால் நடந்து வருவது போலிருக்கும். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை திரும்பாமலிருக்க முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

வெளிறிய செடிகள் இருந்த விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. காற்றில் வரும் நோய் பரவலாக விழும்; அங்குமிங்கும் திட்டுத் திட்டாகத் தெரியும். இங்கே பெரும்பாலும் ஒரே கோடு. ஓர் ஆள் நடக்கும் அகலம். தோட்டத்தின் கிழக்கு எல்லையில் ஒரு சோளப் புதர் நின்றது. அதன் காலடியில் தொடங்கி, தோட்டத்துக்குக் குறுக்காக வந்து, கிணற்றருகே ஒரு முறை வளைந்து, வீட்டின் புழக்கடைக் கதவை நோக்கி வந்தது. பாதி தூரம் வந்து நின்றிருந்தது.

விடியலில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்றேன். முதல் பஸ் வருவதற்குள் வெயில் வந்துவிடும் என்பதால் இரவு அங்கேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னேன். கிராமசேவகர் என்னைத் தனியே அழைத்தார். தனக்குக் கடைசி பஸ் இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு, “சாரே, இங்ஙனத்த காரியத்தில் நம்மள் தலையிடண்டா” என்று, இதில் தலையிட வேண்டாமென மலையாளத்தில் எச்சரித்துவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வரப்பில் வெகுதூரம் போய்விட்டார்.

அக்கா என் தோளைத் தொட்டு எழுப்பியபோது கூரையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. விளக்கு வேண்டாம் என்றாள். புழக்கடை வழியாக இறங்கி நடந்தோம். பனி கணுக்கால்வரை நனைத்தது. காற்று குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை.

அந்த நோய் பிடித்த இலைகள் மற்றவைபோல வளைந்து தொங்காது. குறுகி, விறைத்து, மேல்நோக்கி நிற்கும். அதனால் அவற்றின் அடிப்புறம் நம் கண்ணுக்கு நேராகத் தெரியும். இது எனக்குத் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் கறுத்த வயலின் நடுவே, ஓர் ஆள் அகலத்துக்கு, சோளப் புதரிலிருந்து எங்களை நோக்கி ஒரு வெள்ளைத் தடம் வளைந்து வந்து நின்றதைப் பார்த்தபோது, அந்த அறிவு உதவவில்லை. சுண்ணாம்பு தெளித்தது போலில்லை அது. உள்ளிருந்து வெளுத்தது போலிருந்தது. மற்ற செடிகள் காற்றில் அசைந்தன. அந்தத் தடத்தில் நின்றவை விறைப்பாக, அசையாமல், யாரோ பேசுவதைக் கேட்பது போல நின்றன.

அக்கா தடத்தின் முனையில் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற பெரியவருக்கு வழி விடுவதுபோல ஓரமாக ஒதுங்கினாள்.

“தண்ணி திருப்பிட்டு வர்றாருங்க” என்றாள், என்னைப் பார்க்காமல்.

நானும் ஒதுங்கினேன். பயிற்சி பெற்றவள், லென்ஸ் கையில் இருக்கிறது, ஒதுங்கக் காரணமே இல்லை. ஆனாலும் ஒதுங்கினேன்.

ஒரு வீச்சுக் காற்று வந்தது. வெள்ளையின் மேலிருந்து மெல்லிய புகைபோல ஒன்று எழுந்து எங்களைக் கடந்து வீட்டுப் பக்கம் போனது. அது அந்த நோயின் விதைத்தூள், அதைத்தான் நான் பார்க்க வந்திருந்தேன். இலையை ஒடித்து லென்ஸில் வைத்தபோது பஞ்சு இழைபோல எல்லாம் தெளிவாக இருந்தது. சந்தேகமே இல்லை, அடிச்சாம்பல். சூரியன் மேலே வந்த கொஞ்ச நேரத்தில் தடம் மங்கியது. பிறகு வெறும் வெளிறிய செடிகள். யூரியா பற்றாதது போலத்தான் தெரிந்தது. மருந்து அடித்தால் ‘அவருக்கு’ ஒன்றும் ஆகாதே என்று அவள் ஆபீசில் கேட்டது இறந்த கணவரைப் பற்றி என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

கிழக்கு எல்லையில் நின்ற சோளத்தை வெயில் முழுதாக ஏறுவதற்குள் போய்ப் பார்த்தேன். மாட்டுத் தீவனத்துக்காகப் போட்ட பட்டை. ஒரு முறை அறுத்து, அடிக்கட்டை மறுபடி துளிர்த்து, கதிர் தள்ளி, குருவி தின்று, காய்ந்து, அதன் அடியிலிருந்து மீண்டும் துளிர்த்து, தலைக்கு மேல் அடர்ந்து கிடந்தது. உள்ளே குனிந்து இளம் துளிர்களைப் புரட்டினேன். எல்லாவற்றின் அடியிலும் வெள்ளை. அடிச்சாம்பலுக்குச் சோளமும் மக்காச்சோளமும் ஒரே வீடுதான். சோளத்தில் தங்கியிருந்து, ஒவ்வொரு விடியலும் காற்றேறி மக்காச்சோளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதை ஏன் அறுக்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். அந்த ஊரில் யாருக்கும் அது கேள்வியே இல்லை. சாகிறவர் கடைசியாகத் தண்ணீர் விட்ட பயிரை வருசம் திரும்பும்வரை அறுப்பதில்லை. கணவர் படுக்கையில் விழுவதற்கு முந்தின காலை, அறுத்த கட்டைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்திருக்கிறார். அதனால் மாடும் அதில் வாய் வைக்கவில்லை, அரிவாளும் படவில்லை. வருசம் திரும்பச் சித்திரை வரவேண்டும். அதற்குள் மக்காச்சோளம் முடிந்துவிடும்.

என் முடிவு மூன்று படிகளில் இருந்தது. முதலில் சோளத்தை அறுத்து எரிப்பது. பிறகு வெளிறிய செடிகளைப் பிடுங்கி எரிப்பது. அதன் பின்பு, காற்று அடங்கும் ஒரு காலையில், பனி காய்ந்ததும் மருந்து. வரிசை மாறினால் பயனில்லை. சோளம் நிற்கும்போது மருந்து அடித்தால், அடுத்த குருத்து விரியும்போதே கிழக்கிலிருந்து புதிதாக வந்து விழும். கையில் இருக்கும் ஒரே மருந்தும் போய்விடும். இதை நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அக்கா சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருக்கா எரிச்சது போதாதுங்களா அம்மிணி?” என்றாள்.

என் கேள்வி வரிசையில் அதற்கு இடமில்லை. ஆபீசுக்குத் திரும்பி, கிடங்கிலிருந்த மருந்து மூட்டையை மட்டும் அவளுக்கு அனுப்பிவைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் மருந்து மூட்டை அவள் வீட்டு மூலையில் பிரிக்காமல் கிடந்தது. கொழுந்தனார் இரண்டு தெளிப்பான்களைத் தானே வாடகைக்கு எடுத்து வந்து வைத்திருந்தார். அடித்துவிட்டுப் போகாமல் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். காற்று அடங்கட்டும் என்றேன். சோளத்தைப் பற்றி அவரிடம் சொன்னதும் முகம் மாறியது. அதை யாரும் தொட மாட்டார்கள், தானும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகப் போலக் கேலி செய்தார்.

“கவர்மெண்டு மருந்துக்கும் நல்ல நேரம் பாக்கோணுங்களா? அப்பறம் நாங்க ஜோசியகாரங்கிட்டயே போயிருப்பமுங்களே.”

அவர் அண்ணன் இறந்த பிறகு ஒரு முறைகூட விடியலில் அந்தத் தோட்டத்துக்கு வந்ததில்லை என்பதை அக்கா பின்னால் சொன்னாள். நடுப்பகலில் மட்டும்தான் வருவார்.

நான் வேறு வழிகளையும் யோசித்தேன். சோளத்துக்கும் சேர்த்து மருந்து அடிக்கலாமா? அந்தப் புதருக்குள் தெளிப்பு நுழையாது. வெளிறிய மக்காச்சோளத்தை மட்டும் பிடுங்கலாமா? அதற்கும் அக்கா சம்மதிக்கவில்லை. அவர் நடந்து வருகிற வழியைப் பிடுங்குவதா என்று கேட்டாள். மறுபடி ஒரு நாள் தங்கினேன். தடம் நீண்டிருந்தது. விடியலில் அதன் முனையிலிருந்து பார்த்தால் புழக்கடைக் கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது. ஓரங்களிலும் கசியத் தொடங்கியிருந்தது. நல்ல பயிரின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைச் செடிகள், கூட்டத்தில் தெரிந்த முகங்கள்போல. பயிருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அடித்தும் பயனில்லை என்ற எல்லை வந்துவிடும். அப்புறம் என்னிடம் சொல்வதற்கு இருப்பதெல்லாம், அம்மா வீட்டுக்குப் போகத் துணிமணியைக் கட்டுங்கள் என்பதுதான்.

அந்தத் தங்கலில் ஒரு சிறு மழை பெய்தது. காலையில் வயலைப் பார்த்தேன். எங்கும் தண்ணீர் வடிந்துவிட்டது. தடத்தில் மட்டும் வடியவில்லை. வெளிறிய செடிகளின் காலடியில், சோளத்திலிருந்து கிணற்றடி வளைவுவரை, மெல்லிய வாய்க்கால்போலத் தண்ணீர் நின்று பளபளத்தது.

அக்காவிடம் கேட்டேன். விடை எளிதாக வந்தது. அவள் கணவர் வரப்பில் சுற்றிப் போகிறவரல்ல. தினமும் விடிவதற்கு முன் புழக்கடையில் இறங்கி, கிணற்றை ஒட்டி வளைந்து, குறுக்கே நடந்து, கிழக்கு மடை திறக்கப் போய்த் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து அதே வழி. அந்த வழியில் எந்த வருடமும் விதைத்ததில்லை. இந்த வருடம், ஒரு சாண் நிலம்கூடச் சும்மா கிடந்ததாகக் கொழுந்தனார் சொல்லிவிடக் கூடாது என்று, உழுது அதிலும் விதைத்தவள் அவள்தான்.

அப்போது எனக்கு எல்லாம் வரிசையில் வந்து நின்றன. வருடக்கணக்கில் ஒரே கால் மிதித்த நிலம் இறுகித் தாழ்ந்திருக்கிறது. ஓர் உழவில் அது நிமிராது. தாழ்விடத்தில் ஈரம் தங்கும், பனி கடைசியில்தான் காயும். ஈரம் நிற்கிற இடத்தில் அந்த நோய் முதலில் பிடிக்கும். விளக்கம் முழுமையானது. எங்கும் ஓட்டையில்லை. ஆனால் அது என் பயத்தைக் குறைக்கவில்லை. ஏனென்றால் அந்த விளக்கத்தின்படி, அவள் சொன்னதில் பாதி உண்மை.

அதை அப்படியே சொன்னேன்.

“அவுக நடந்து நடந்துதான் அந்த எடம் தாழ்ந்திருக்கு அக்கா. அதுல ஈரம் நிக்குது. ஈரத்துலதான் வெள்ளை புடிக்குது.”

“அப்ப அவரு தடந்தானுங்க.”

“தடம் அவுகளோடதுதான். இப்ப நடக்குறாகன்னு நான் சொல்லல.”

அந்த இரண்டாவது வாக்கியம் அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. பிறகு, அவர் கால் பட்டுத்தான் பயிர் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டாள். தெரிந்திருக்க வழியில்லை என்றேன்.

“தெரிஞ்சா வரமாட்டாருங்க” என்றாள் அக்கா. “பயிர மிதிக்கறவரில்லீங்க அவரு. அங்க நான் வெதச்சிருக்கறத ஆரும் அவருகிட்டச் சொல்லலீங்களே.”

மறுநாள் விடியலில் அவளோடு போனேன். அன்றைக்கு அவள் ஒதுங்கவில்லை. தடத்தின் முனையில், நடுவிலேயே நின்றாள். கையில் அரிவாள் இருந்தது; ஆனால் அதை முந்தானைக்குள் வைத்திருந்தாள், பெரியவர் முன்னால் வெற்றிலையை மறைப்பதுபோல. பேசிய குரல், சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல்போலச் சாதாரணமாக இருந்தது.

“ஏனுங்க. இந்த வருசம் இதுலயும் வெதச்சுப்புட்டனுங்க. உங்களைக் கேக்காமப் பண்ணுனது தப்புத்தானுங்க. பயிரு இருக்குதுங்க, பாருங்க. வெளைஞ்சாத்தான் புள்ளையும் நானும் இந்த ஊட்டுல இருக்க முடியுமுங்க. மிதிக்காதீங்க. கெழக்க தண்ணி நான் திருப்பிக்கறனுங்க.”

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அப்போதுதான் வித்தியாசம் உறைத்தது. இலைச் சத்தம் இல்லை. கார்த்திகையிலிருந்து ஒரு கணமும் நிற்காத காற்று நின்றிருந்தது. கணவாய்க் காற்று இடையில் ஒரு நாள், அரை நாள் அடங்குவதுண்டு. வங்காள விரிகுடாவில் எங்கோ மாறுதல் என்று அர்த்தம். அதைத்தான் நானும் இத்தனை நாள் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அந்த அமைதிக்குள் யாரோ பேச்சைக் கேட்டு நின்றுவிட்டதுபோல இருந்ததை நான் மறுக்கப் போவதில்லை.

அக்கா தடத்தின் வழியாகவே கிழக்கே நடந்தாள். நான் வரப்பில் சுற்றிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது சோளத்தின் முதல் கட்டு தரையில் கிடந்தது.

அரிவாள் சத்தம் அந்த அமைதியில் வெகுதூரம் கேட்டிருக்க வேண்டும். கொழுந்தனார் தன் தோட்டத்து எல்லையில் வந்து நின்றார். வேலியைத் தாண்டவில்லை. வெள்ளைத் தடத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நங்கையா” என்றார். “அண்ணங்கிட்டக் கேட்டீங்களா?”

“சொல்லியாச்சு.”

“என்ன சொன்னாரு?”

அக்கா நிமிராமல் அடுத்த கட்டைப் பிடித்தாள். “உன்ற அண்ணன் என்னைக்கு வாயத் தொறந்து பதில் சொன்னாரு, இன்னைக்குச் சொல்ல.”

கொழுந்தனார் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அழுதாரா என்று எனக்கு உறுதியில்லை. திரும்பிப் போனவர் தன் அரிவாளோடு வந்து வேலியைத் தாண்டினார்.

மூவரும் செய்தோம். சோளத்தை அடியோடு அறுத்து, கட்டைகளையும் மண்வெட்டியால் கிளறி எடுத்தோம். வெளிறிய மக்காச்சோளத்தைக் கிணற்றடியிலிருந்து தொடங்கிப் பிடுங்கினோம். அந்தத் தடத்தில் பிடுங்குவது மட்டும் அக்காவின் வேலை. வேறு யாரையும் விடவில்லை. எரிக்கும்போது புகை எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு தூண்போல நேராக மேலே போனது. அந்தப் பகுதியில் காற்றுக் காலத்தில் அப்படி ஒரு புகையை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. பனி காய்ந்ததும் மஞ்சள் பொடியைக் கரைத்தேன். கொழுந்தனாரும் அவர் கூப்பிட்டு வந்த கூலியாளும் முகத்தை முழுவதுமாகத் துணியால் மூடிக்கொண்டு, முதுகில் தெளிப்பானோடு, மஞ்சள் மூட்டத்துக்குள் அடி அடியாக நடந்து மறைந்தார்கள், மறுபக்கம் வெளிவந்தார்கள். இலையின் அடியிலும் படும்படி தாழப் பிடித்து அடிக்கச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். எந்த உருவம் யாருடையது என்று தெரியாத அந்த மூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு தடவை இரண்டுக்குப் பதில் மூன்று பேர் நடப்பதுபோலத் தெரிந்தது. வெயில் கண்ணில் பட்டிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மாலையில் காற்று மறுபடி எழுந்தது.

அடுத்த நாட்களில் விரிந்த குருத்துகள் பச்சையாக வந்தன. இரண்டாவது முறை அடிக்க மருந்தும் இல்லை, அவசியமும் ஏற்படவில்லை. நாங்கள் தவறவிட்ட சில செடிகள் பூக்கும் காலத்தில் தங்களைக் காட்டிக்கொண்டன. ஆண் பூ வர வேண்டிய உச்சியில் பூவுக்குப் பதிலாக இலைகள் கொத்துக் கொத்தாக முளைத்து, தலை விரித்து நின்றன. கதிர் பிடிக்காது. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஏதோ முணுமுணுத்து, எரித்தாள்.

விளைச்சல் மாநில அளவில் பேசும்படியானது இல்லை. ஆனால் களத்தில் குவித்தபோது அது ஒரு வெள்ளாமைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முன்பு தலையாட்டிய பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். கொழுந்தனார் குவியலைச் சுற்றி நடந்தார். ஒரு கதிரை உரித்து மணியைக் கடித்துப் பார்த்தார். அம்மா வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. நங்கையா அடுத்து என்ன போடுவதாக உத்தேசம் என்று, எல்லோர் முன்னிலையிலும், சாதாரணமாகக் கேட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அக்கா பதிலுக்கு என்னைப் பார்த்தாள். கடலை போடச் சொன்னேன். ஆட்கள் போன பிறகு, மக்காச்சோளமே நன்றாகத்தானே வந்தது, ஏன் கடலை என்று கேட்டாள். மறைக்க ஒன்றுமில்லை. அந்த நோய் எரித்ததோடு முழுதாகப் போய்விடாது. அதன் ஒரு வகை விதை மண்ணுக்குள் போய், கெட்டித் தோல் போர்த்திக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். மக்காச்சோளமோ சோளமோ வேர் விட்டால் அதற்குத் தெரியும், எழுந்து வரும். வேறு பயிர் போட்டால் எழாது.

“அப்ப இங்கதான் இருக்குமுங்களா?”

“மண்ணுக்குள்ள இருக்கும் அக்கா. ரொம்ப வருசம் இருக்கும்.”

பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வெறுமையாகக் கிடந்த தடத்தைக் கிணற்றடிவரை பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

“கடலை போட்டா எந்திரிக்காதுங்களே?”

“எந்திரிக்காது. தூங்கும்.”

“தூங்கட்டுமுங்க” என்றாள் அக்கா. “இருந்தவரைக்கும் வெடியறதுக்கு மிந்தி எந்திரிச்சவரு.”